பூமிப் பாரம்

நான்கு பேர் நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கிழமை, என் கணவர் வேலைவிட்டு வந்ததும் அந்தப் படங்களை ஒவ்வொரு நாளும் போனில் மகளுக்குக் காட்டினார். அவளுக்கு நாலு வயது. அவர்கள் நிலவில் இறங்குவார்களா என்று கேட்டாள். இறங்கமாட்டார்கள், பக்கத்தால் போய்ச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று அவர் சொன்னார். "இறங்காட்டி என்னத்துக்குப் போனாங்க?" என்றாள் அவள். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன். பத்து வயதில் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். எனக்குப் பதில் சொன்னவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

கால் மரத்துவிட்டது என்று மகள் சொன்னால் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மூன்று தடவை அவளை நடக்கவைத்துப் பார்ப்பேன். கணவர் சிரிப்பார். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அவருக்கு நான் சொன்னதில்லை. சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். எழுதுவதுதானும் சரியா என்று இந்த வரியிலும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது நாங்கள் நுரைச்சோலைக்கு வடக்கே, கற்பிட்டிப் பக்கம் இருந்தோம். வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத்தண்ணீர்க் களப்பு. யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம். அப்பா சிலாபத்தில் பெரிய போட்டில் வேலை செய்தார்; மாதத்தில் ஒரு கிழமைதான் வீட்டில் இருப்பார். அம்மா விடியும் முன்னே கருவாடு காயப்போடும் வாடிக்குப் போய்விடுவார், பின்னேரம் வருவார். மாமாவுக்கு இருபத்துமூன்று வயது. எங்களோடுதான் இருந்தார். கடலட்டைக்கு முழுகுவது அவர் தொழில். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலடியில் போய் அட்டை பொறுக்கி வருவார். யுத்தகாலத்தில் மறித்து வைத்திருந்த கடல் திறந்ததும் முழுகுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கிட்டத்தில் இருந்த அட்டை ஒரு வருடத்தில் முடிந்தது. பிறகு ஒவ்வொரு மாதமும் இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று போனார்கள்.

மாமாவுக்கும் எனக்கும் இரண்டு பைத்தியங்கள் இருந்தன. ஒன்று சித்திரக்கதை, மற்றது ஆகாயம். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒரு கடை இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த சித்திரக்கதைப் புத்தகங்கள் அங்கே கட்டுக்கட்டாகக் கிடக்கும். எத்தனை கை மாறி வந்தவையோ, அனேகமானவற்றில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. அதுதான் எங்களுக்குப் பிடித்திருந்தது. இல்லாத பக்கங்களை ஒரு கொப்பியில் நாங்களே வரைந்து கதையை முடிப்போம். மாமா முகங்களை அச்சுப்போல வரைவார். கால்கள் மட்டும் அவருக்கு வராது. அதனால் எங்கள் கதைகளின் முடிவில் எல்லோரும் போர்வை போர்த்தியபடியோ மேசைக்குப் பின்னாலோ இருப்பார்கள்.

அந்த வருடம் அகப்பட்டது நிலவைச் சுற்றப் போகும் மூன்று பேரின் கதை. விண்கலம் நிலவின் பின்பக்கம் மறையும் படத்தோடு புத்தகம் கிழிந்திருந்தது. அதை எப்படி முடிப்பது என்று ஒரு மாதம் சண்டை பிடித்தோம். அவர்களை நிலவில் இறக்கவேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். இறங்குவதற்கான கலம் அவர்களிடம் இல்லை, சுற்றித் திரும்பத்தான் எண்ணெய் இருக்கிறது என்று மாமா விடமாட்டார். "கெப்டன், கதையெண்டாலும் கணக்குப் பிழைக்கக் கூடாது," என்பார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். போன மாதக் கதையில் ஒருவன் மலையிலிருந்து குதித்துவிட்டுத் தொப்பியைத் தட்டிக்கொண்டு நடந்து போனானே, அது எந்தக் கணக்கு என்று நான் கேட்டால் பென்சிலைச் சீவத் தொடங்கிவிடுவார். ஆனாலும் அவர் சொன்னபடிதான் முடித்தோம். மூன்று பேரும் நிலவைச் சுற்றிவந்து எங்கள் கடலில் விழுகிறார்கள். எங்கள் ஊர்க்காரர் அவர்களைப் போட்டில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள்.

கரைக்கு வந்ததும் அவர்களைக் கதிரையில் தூக்கிக்கொண்டு போவதாக வரைந்தது என் யோசனை. மாமா கொண்டுவந்த ஒரு பத்திரிகைத் துண்டில் அப்படி ஒரு படம் இருந்தது. மாதக்கணக்காக ஆகாயத்தில் இருந்தவர்கள் பூமிக்கு வந்தால் கால் ஊன்றி நிற்க முடியாது, சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும் என்று கீழே எழுதியிருந்தது. அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டினேன். அந்த நோய்க்கு நானே ஒரு பெயரும் வைத்தேன். பூமிப் பாரம்.

அம்மாவுக்கு மாமா முழுகப் போவது பிடிக்காது. பக்கத்து ஊரில் ஒருவரைக் கடலிலிருந்து பிணமாகக் கொண்டுவந்த பிறகு, மாமாவைத் தலவில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதாவுக்கு முன்னால் சத்தியம் வாங்கினார். உடம்பில் ஒரு சின்ன நோவு வந்தாலும் அன்றோடு இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும் என்பதுதான் சத்தியம். மாமா செய்து கொடுத்தார். அவருக்கு அந்தத் தொழிலில் வந்த காசைவிடக் கடலுக்கு அடியில் இருப்பதுதான் பெரிது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பாரமே இல்லாமல் மிதக்க மனிசருக்குக் கிடைத்திருப்பது இரண்டு இடம்தான், ஒன்றுக்கு எங்களால் போக முடியாது என்று சொல்லுவார்.

மார்கழி விடுமுறை. ஒரு வியாழக்கிழமை மத்தியானமே மாமா வந்துவிட்டார். கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து கால்களைத் தேய்த்தார். தோள்மூட்டு நோகிறதென்றும், காலுக்குள் எறும்பு ஓடுவதுபோல் இருக்கிறதென்றும் சொன்னார். அன்று இடையில் ஆறுதல் எடுக்காமல் நாலு தடவை முழுகியதும், கடைசித் தடவை காற்று முடிந்து அவசரமாக மேலே வந்ததும் எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கொப்பியில் ஒட்டியிருந்ததுதான்.

"மாமா, இது பூமிப் பாரம்," என்றேன். "தண்ணிக்குள்ள பாரமில்லாம இருந்திட்டு வந்தா கால் நிக்கிறத மறந்துபோகும்."

அவர் கால் தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். "அப்ப ரெண்டு மூண்டு நாள்ல சரியாகும், என?"

ஓம் என்றேன். அப்படியானால் அம்மாவுக்குச் சொல்லவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்தே போவேன் என்றார். என் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கினார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நான் சொன்னதை நம்பினாரா, நம்ப விரும்பினாரா, சின்னப் பிள்ளையின் கதைக்குச் சிரித்தாரா? நான் அதைச் சொல்லியிராவிட்டால் அன்று பின்னேரமே அம்மாவிடம் சொல்லியிருப்பாரா? ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு விடை வரும்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தார். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடில்லையே என்று சொல்லிவிட்டு வாடிக்குப் போனார். நான் உப்பை வறுத்துத் துணியில் கட்டி மாமாவின் கால்களுக்கு ஒத்தடம் கொடுத்தேன். சூடு தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். பிறகு பார்த்தால் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கக்கூசுக்குப் போய் வெகுநேரம் நிற்பார், வருவார், திரும்பவும் போவார். வயிற்றுக்குச் சரியில்லையாக்கும் என்று நினைத்தேன். சலம் கழிக்க முடியவில்லை என்பதைப் பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு அவர் எப்படிச் சொல்வார்? தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்கவில்லை.

பத்து மணிபோல வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமா போகும் போட்டின் சொந்தக்காரர், கற்பிட்டி முஸ்லிம் ஆள். மாமா அவரை நானா என்று கூப்பிடுவார். ஒருபோதும் எங்கள் வீடுவரை வராதவர் அன்று வந்திருந்தார். உள்ளேயிருந்து மாமா என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை அசைத்தார். நான் வேலிப் படலைக்குப் போனேன்.

"புள்ள, ஒங்கட மாமா எங்க?"

புத்தளத்துக்குப் போய்விட்டார் என்றேன்.

அவர் இறங்கவில்லை. வாசலில் கிடந்த மாமாவின் செருப்பைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "நேத்து வரக்குள்ள கால் கை வெறைக்குதெண்டு ஏதும் சொன்னானா? பொய் சொல்லப்படாது. ஒடம்புக்குள்ள காத்து நிண்டா ஒடனே கொண்டு போகோணும். சுணங்கினா ஆள் எழும்பாது."

"இல்ல," என்றேன். "நல்லா ஓடித்தான் பஸ் ஏறினார்."

ஓடி என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பொய்யை நம்பும்படி செய்ய ஒரு சின்ன விபரம் சேர்க்கவேண்டும் என்பது நான் கதைகளில் படித்தது. அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். பிறகு அல்லாஹ் காவல் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே ஓடிப்போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆள் எழும்பாது என்றதையும் நான் ஓடி என்று சேர்த்ததையும்கூட. அவர் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லுவார் என்று நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பின்னேரம் கொப்பியைக் கொண்டுபோனேன். ஒரு வட்டம் போட்டார். கோடு நடுங்கிக் கோணலாகி, தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. நாளைக்குப் பார்ப்போம் கெப்டன் என்று பென்சிலைத் தந்துவிட்டார். அம்மா வந்தபோது போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வாடியில் இன்றைக்கு என்ன மீன் என்று பகிடியாகக் கேட்டார். அம்மாவும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றேன். அந்த நேரத்தில்கூட நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சனிக்கிழமை காலை அம்மா வாடிக்கு வெளிக்கிடும்போது அறைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. மாமா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். வேறு யாருடைய கால்களோ போல அவை மடிந்து கிடந்தன. அம்மா தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனார்கள். நான் பின்னால் நடந்தேன். படத்தில் இருந்ததுபோலவே இருக்கிறது என்று நினைத்ததை இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம் ஆள், சிங்களவர். மாமாவின் உள்ளங்காலில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். மாமாவின் முகம் அசையவில்லை. இது எப்போது தொடங்கியது என்று சிங்களத்தில் கேட்டார். மாமா கண்ணை என் பக்கம் திருப்பினார். அம்மாவின் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"அத உதே," என்றார் மாமா. இன்று காலை. அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கும்.

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நிச்சயமாகவா என்று திரும்பக் கேட்டார். மாமா அதையே சொன்னார். நேற்று நன்றாகத்தான் இருந்தார், காய்ச்சல் மட்டும்தான் என்று அம்மாவும் சொன்னார். அம்மா பொய் சொல்லவில்லை.

காற்றழுத்தம் கொடுக்கும் அறை உள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கு அம்புலன்சில் அனுப்பினார்கள். கிழமைக்கணக்காக வைத்துப் பார்த்தார்கள். மாமா நடக்கவில்லை. மூன்று வருடம் எங்கள் வீட்டு முன்னறையில் கிடந்தார். முதுகுப் புண் பழுத்து ஒரு தவக்காலத்தில் இறந்தார். அந்த மூன்று வருடமும் நாங்கள் சித்திரக்கதை கதைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் கேட்காததை நான் சாட்டாக எடுத்துக்கொண்டேன் போல.

மகள் வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் ஒரு டொக்டரிடம் இதைக் கேட்டேன், யாரோ ஒருவருக்கு நடந்ததுபோல. இரண்டு நாள் சுணங்கினால் அனேகமாகப் பிந்திவிடும்தான், முதல் நாளே என்றால் வேறு கதை என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றார். சும்மா என்றேன்.

நினைவுப் பூசைக்கு வருகிறவர்களுக்கு அம்மா இப்போதும் சொல்வார்: "காலையிலதான் தொடங்கினது. நாங்க ஒரு நிமிசமும் சுணங்கயில்ல." அதைச் சொல்லித்தான் அம்மா இத்தனை வருடம் நித்திரை கொண்டிருக்கிறார். அதில் கைவைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வரக்கூடாதோ என்றும் யோசிக்கிறேன்.

வியாழக்கிழமை என்று மாமா சொல்லியிருந்தால், அந்த இரண்டு நாளும் வீட்டில் அவரோடு இருந்தது யார் என்று அம்மா திரும்பிப் பார்த்திருப்பார். கால் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடத்திலும் அவர் அதைத்தான் யோசித்திருக்கிறார். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் ரகசியத்தை மாமா டொக்டரிடம்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை என்று மட்டும்தான் பட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.