காட்டுக்குள் குளிர்ந்துகொண்டிருந்த கார்

புதுக் கார் வாங்கிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா கணவர் குடும்பத்தோடு காடு பார்க்கப் புறப்பட்டார். சென்னைக்காரர்களுக்கு அவ்வப்போது காடு தேவைப்படும். செங்கல்பட்டில் பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்கு அப்படியொரு தேவை வந்ததில்லை. ஆனாலும் வழிகாட்ட ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார். வழியென்று இருந்தது ஒரே ரோடு. திருக்கழுக்குன்றம் போய், அங்கிருந்து மாமல்லபுரம்.

காப்புக்காட்டுப் பகுதி வந்ததும் அக்கா கேட்டாள்: "கொஞ்சம் கண்ணாடிய எறக்குங்களேன், காத்து வரட்டும்."

"ஏசி ஓடும்போதா?" என்றார் மாமா, ஏதோ தகாத வார்த்தையைக் கேட்டவர்போல.

சத்தத்தை அணைத்த டிவியில் பார்ப்பதுபோல் காட்டைப் பார்த்துக்கொண்டே போனோம். வனத்துறைப் பலகை ஒன்றின் அருகே போட்டோ எடுக்க நிறுத்தினார்.

"வண்டி ஓடிக்கிட்டே இருக்கட்டும், திரும்பி வரும்போது ஜில்லுனு இருக்கும். எல்லாரும் லாக்க அழுத்திட்டு எறங்குங்க. காடு, யாரையும் நம்ப முடியாது."

சுற்றிலும் இரண்டு காக்கைகள்தான் இருந்தன. அவற்றை நம்பாமல், நாலு கதவையும் பூட்டிவிட்டு இறங்கினோம். போட்டோ எடுத்துத் திரும்பியபோதுதான் சாவி உள்ளேயே மாட்டியிருப்பது தெரிந்தது. மாற்றுச் சாவி மிகப் பத்திரமாக இருந்தது, சென்னையில், பீரோவுக்குள். செல்போனில் டவர் இல்லை. தண்ணீர் பாட்டிலும் புளியோதரையும் பின்சீட்டில் குளிர்ந்துகொண்டிருந்தன.

விறகுக்கட்டோடு வந்த ஒரு அம்மா, "இன்னா சார் ஆச்சு?" என்று நின்றார். சொன்னோம். கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார்.

"வண்டி ஜில்லுனு கீது, நீங்க வெயில்ல வெந்துகினு கீறீங்களே!"

சிரித்துக்கொண்டே, தன் கேனில் இருந்த தண்ணீரை அக்காவின் இரண்டு பெண்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

அரை மணி கழித்து ஒரு பஸ் வந்தது. டிரைவர் இறங்கி, டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவரின் இரும்பு ஸ்கேலைக் கண்ணாடி இடுக்கில் விட்டுப் பார்த்தார். ஜன்னலோரப் பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மெக்கானிக் இல்லாத ஒரு சீட்கூட அந்த பஸ்ஸில் இல்லை. கதவு மட்டும் திறக்கவில்லை.

"அண்ணாத்த, கல்லால ஒண்ணு போடு. இல்லாங்காட்டி பெட்ரோல் தீர்ற வரைக்கும் குந்திக்கினு இரு" என்று சொல்லிவிட்டு டிரைவர் பஸ்ஸை எடுத்தார்.

மாமா ஒரு கல்லை எடுத்தார். ஓங்கினார். இறக்கினார். மறுபடி ஓங்கினார். கடைசியில் கல்லை என்னிடம் நீட்டி, "மச்சான், நீயே அடி. என்னால முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் தயங்குவதுபோல் சற்று நேரம் நின்றேன். மரியாதைக்கு அது போதும் என்று பட்டதும் அடித்தேன். பின்கதவுக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. அவ்வளவு மனநிறைவான வேலையை அதற்குமுன் நான் செய்ததில்லை.

சில்லுகளைத் துடைத்துவிட்டுக் கிளம்பினோம். காற்றும் காய்ந்த புல் வாசனையும் ஏதோ ஒரு பறவையின் இடைவிடாத கத்தலும் உள்ளே வந்தன. உடைந்த ஜன்னலோரம் உட்கார்ந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்பதான்டா காட்டுல போற மாதிரி இருக்கு."

மாமா ஏசியை மட்டும் அணைக்கவில்லை.

மாமல்லபுரத்தில் இன்னொரு சிக்கல். திறந்து கிடக்கும் காரைத் தனியே விட்டுப்போக முடியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கடலில் கால் நனைக்கப் போனபிறகு, நான் காருக்குள் உட்கார்ந்து, அவர்கள் பங்குப் புளியோதரையையும் நிதானமாகச் சாப்பிட்டேன்.