பழைய டிரைவரும் பெரிய கிளாக்கரின் நாற்காலியும்

எஹலியகொடையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டெக்னீஷியனாக இருந்தபோது, நான் பிறந்த ரப்பர் தோட்டத்து ஆபீஸிலிருந்தே வேலை வந்தது. பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"பால் வெட்டுறவன் மகதானே நீ? லயத்துலயும் இப்ப கம்ப்யூட்டர் படிக்குதுங்களா?"

கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து உட்கார்ந்துகொண்டார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் அந்த ஆபீஸில் உட்கார்வதில்லை. குனிந்து நின்றே வேலை செய்தேன்.

எல்லா டிரைவரையும் புதிதாக்கச் சொன்னார். கொழும்பில் யாரோ சொன்னார்களாம். பிரிண்டர், திரை போன்றவற்றைக் கம்ப்யூட்டர் இயக்க உதவும் சிறு மென்பொருள்தான் டிரைவர். அதை மாற்ற எனக்குக் காரணம் வேண்டும்: ஏதாவது ஓடாமல் இருக்க வேண்டும், அல்லது புதுக் கருவி வந்திருக்க வேண்டும். மாற்றினாலும் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்க வேண்டும். அங்கே எல்லாமே நன்றாக ஓடின.

"ரிப்பன் போடுற இந்தப் பழைய பிரிண்டருக்குப் புது டிரைவர் ஒத்துவராதுங்க ஐயா."

"சொன்னதச் செய் புள்ள."

செய்தேன். ஒரு பக்கம் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"தாள் உங்கப்பன் வாங்கிக் குடுத்ததா? போ."

மறுநாள் கடைக்குப் போன் வந்தது. பிரிண்டர் வெறும் கோடும் புள்ளியுமாக அடிக்கிறது, ரப்பர் ஏற்றிய லொறி கொண்டுபோக வேண்டிய கடிதம் அச்சாகாமல் நிற்கிறது, தோட்ட மேனேஜர் துரை கத்துகிறார், எல்லாம் அந்தப் பெண் கெடுத்தது.

"போய்ச் சரியாக்கிட்டு வாங்க. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வரத் தேவையில்ல," என்றார் முதலாளி.

பழைய டிரைவருக்குத் திரும்ப ஒரே பொத்தான் போதும். பஸ்ஸில் போகும்போதே அதைக் கிளாக்கரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆபீஸில் துரையும் நின்றார். நான் பையை இறக்கவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? செய்யேன்," என்றார் கிளாக்கர்.

"வேணாம்னு நேத்தே சொன்னேன், நீங்கதான் கேக்கல. இன்னைக்கு உக்காந்துதாங்க செய்யணும்."

அதையே துரைக்கு விளங்கச் சிங்களத்திலும் சொன்னேன். துரை திரும்பிக் கிளாக்கரைப் பார்த்தார்.

கிளாக்கர் எழுந்தார். "ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் 'சரி' சொன்னார். "உக்காருங்க மிஸ்."

நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. பார்க்கத் தேவையில்லாததை எல்லாம் திறந்து பார்த்தேன். தேத்தண்ணி கேட்டேன். லயத்து ஆட்களுக்குத் தராத ஸ்டாஃப் கோப்பையில் வந்தது. ஆறும்வரை வைத்திருந்து குடித்தேன். வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. கிளாக்கர் என் பின்னாலேயே நின்றார். நிற்கட்டும் என்று விட்டேன்.

பிறகு பொத்தானை அழுத்தினேன். ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக வந்தது. இன்னொன்று அடித்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும்.

தாளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.