தாளில் வரைந்த பாதம்

ஸ்கூடாய் ஊரில் உள்ள ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்கு எங்கள் சர்ச்சிலிருந்து ஊழியத்துக்குப் போயிருந்தோம். பள்ளிக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்கித் தருவதற்காக ஒரு சிறுமியின் பாதத்தைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். கூச்சத்தில் நெளிந்தாள்.

அந்தக் கூச்சம் என் உள்ளங்காலுக்குத் தெரியும். லாபிஸ் ஊரில் இதுபோன்ற ஓர் இல்லத்தில் நான் வளர்ந்தபோது, எட்டு வயதில், ஒரு சர்ச் அக்கா இப்படித்தான் என் பாதத்தை வரைந்தார். "அடுத்த மாசம் சப்பாத்தோட வந்துடுவேன் லா" என்று சொல்லி, ஜெபம் செய்துவிட்டுப் போனார். அவர் வருவதற்குள் கால் வளர்ந்துவிடக் கூடாதே என்று, பழைய துணியால் பாதங்களைத் தினமும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். விரல்கள் கோணிப்போனதுதான் மிச்சம். அவர் வரவே இல்லை.

"அக்கா, நீங்க வர்றதுக்குள்ள என் கால் வளந்துட்டா?" என்று கேட்டாள் சிறுமி.

என் கோணல் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கிக்கொண்டன.