மூடியிருந்த வால்வு

போச்சம்பள்ளியில் வீட்டுக்குப் பின்னால் மூன்று தொட்டிகளில் ஜிலேபி மீன் வளர்த்தேன். கீழ்த்தொட்டித் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். அது வடிகட்டி வழியாகத் தொட்டி தொட்டியாக இறங்கி வரும். குழாய் அமைப்பு முழுக்க என் மூளை. ஆனால் மீன் குறைந்துகொண்டே வந்தது, மேலேறும் குழாயின் வால்வும் அடிக்கடி மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ரத்னம்மா மேல்தான் சந்தேகம். கம்பெனிக்கு லீவு போட்டு, தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கரண்ட் போனதும் ரத்னம்மா வேலி தாண்டி வந்து வால்வைத் திருகி மூடினார்.

“கையும் களவுமா பிடிச்சேன், பார்த்தீங்களா!” என்று பாய்ந்தேன்.

“அட போங்க சார்! கரண்ட்டு போனா, ஏத்துன தண்ணி அதே பைப்புல திரும்பி எறங்குது. கீழ்த்தொட்டி ரொம்பி வழிஞ்சு, மீனெல்லாம் என் வாசல்ல துள்ளுது. எத்தினி தபா பொறுக்கி உள்ள போடறது? செத்தத மட்டும் கொழம்பு வெச்சேன். அத வேணா திருட்டுன்னு வெச்சுக்கங்க.”

அத்தனை நாளும் வேலியையே முறைத்துக்கொண்டிருந்தேன். குழாயைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை. அது நான் போட்டதாயிற்றே.