பக்கத்தில் ஒரு சின்னக் கோடு

பிள்ளைகளே, பேய்க்கதை தொடங்கினால் சிரித்துக்கொண்டு எழும்பிப் போகிற ஆள் நான். வல்வெட்டித்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன், கையில் பிடிபடாததை நம்பிப் பழக்கமில்லை. இதை மட்டும் கேளுங்கள், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

என் மகள் வாணி வெளிநாட்டில் எதிர் அணுவை ஆராய்கிறாள். கல், கடல், நாம் எல்லாமே அணுவால் ஆனவைதானே, அந்த அணுவுக்குத் தலைகீழான ஓர் இரட்டைப் பிறவி உண்டாம். இரண்டும் ஒரே நிற ஒளிக்குத்தான் விழிக்க வேண்டுமாம். மயிரிழை வித்தியாசம் வந்தாலும் பாடப் புத்தகங்களையே திருத்த வேண்டுமாம். லேசர் பாய்ச்சி அளந்தால் திரையில் ஒரு கோடு எழும்ப வேண்டும். வாணி அளக்கும்போது மட்டும் பக்கத்தில் இன்னொரு சின்னக் கோடும் எழும்பியது. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் அவளுடைய இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குள்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் மதுவின் திவசம் வந்தது. மது வாணியோடு இரட்டையாகப் பிறந்தவள், ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். படையல் வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம், போனவர் வந்து சாப்பிடட்டும் என்று. ஆய்வுகூடத்தில் இருந்த வாணி பார்ப்பதற்காக வீடியோ அழைப்பில் வைத்த போனை எடுக்க மறந்து கதவைச் சாத்திவிட்டேன்.

“இஞ்சாருங்கோ, போன் எங்கை?” என்றாள் மனைவி.

“உள்ளுக்கை.”

“நல்லாயிருக்கு! அக்காவும் தங்கச்சியும் கதைக்கட்டும், விடுங்கோ.”

பிறகு வழக்கப்படி தட்டித் திறந்தேன். போனில் வாணியின் முகம் வெளிறியிருந்தது.

“அப்பா, ஏன் திறந்தனீங்கள்?”

“ஏன் பிள்ளை?”

“நீங்கள் சாத்தினவுடனை அந்தச் சின்னக் கோடு கிட்டக் கிட்ட வந்து மற்றதோடை ஒட்டிச்சுது. நீங்கள் தட்ட, இல்லாமல் போயிட்டுது.”

அதன்பிறகு அந்தக் கோடு வரவேயில்லை. அளவு சுத்தம் என்றார்கள், பட்டமும் கிடைத்தது. கருவியில் என்ன பிழை இருந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வாணி மட்டும் சந்தோஷப்படவில்லை.

இந்த வருடத் திவசத்துக்கு அவளே போனை உள்ளே வைக்கச் சொன்னாள்.

“நான் சொல்லுமட்டும் தட்டாதேங்கோ அப்பா.”

கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே போனில் அவள் குரல் கேட்டது. ஆமாம் போடுவதுபோல “ஓம்...” என்றாள். பிறகு சத்தமில்லை. “ஓம்... பிறகு?” என்றாள். மறுபடியும் சத்தமில்லை. ஒரு சின்னப் பிள்ளை பதில் சொல்லி முடிக்கிற அளவு நேரம்தான் ஒவ்வொரு தடவையும்.

தட்டப்போன கையை எடுத்துவிட்டேன்.