அக்கா சொன்ன கருகல் வாசனை

அத்தானின் காரில் கம்பெனி மாட்டியிருந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, சிவாஜிநகரில் வாங்கிய சிடி பிளேயரை வீட்டிலேயே நானே பொருத்தினேன். அதன் ஒயர் சாக்கெட் காரின் சாக்கெட்டோடு சேரவில்லை. பொறுமையில்லாமல் சாக்கெட்டையே வெட்டி, ஒயர்களை முறுக்கி டேப் சுற்றினேன்.

மறுநாள் எல்லோருமாக அத்திபெலே ஊருக்குப் போகும்போது நான்தான் ஓட்டினேன். மடியில் குழந்தையோடு பக்கத்தில் இருந்த அக்கா, "என்னமோ கருகுதுடா" என்றாள்.

"புது செட்டுன்னா அப்படித்தான்க்கா" என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

சற்று நேரத்தில் டேஷ்போர்டிலிருந்து புகை கிளம்பியது. வண்டியை ஓரங்கட்டியதும் அக்கா குழந்தையோடு இறங்கி ஓடினாள். பின்சீட்டிலிருந்த அத்தான் பாய்ந்து இறங்கி, பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். டேப் பிரிந்து ஒயர்கள் உரசியிருந்தன.

"போதுமா மாப்ளே, இன்னும் சத்தம் வெக்கிறியா?" என்றார். குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இப்போதெல்லாம் பேட்டரி ஒயரைக் கழற்றாமல், பொருத்தமான சாக்கெட் வாங்காமல் எதிலும் கைவைப்பதில்லை. கூட வருபவர் எதைச் சந்தேகப்பட்டாலும் முதலில் வண்டியை நிறுத்துகிறேன்; பதில் சொல்வது அப்புறம்தான்.