சாமி பேர் என்று நினைத்த சொல்

1996, ஜெர்சி சிட்டி. ஒரு சனிக்கிழமை காலை. நான் பார்த்துக்கொண்ட வெள்ளைக்கார அம்மா, அவருடைய மகள், காகிதங்களோடு வந்த நர்ஸ், மாடியில் குடியிருந்த நம் ஊர்த் தம்பி, நான். சமையலறை மேசையைச் சுற்றி இவ்வளவு பேர்.

அந்த அம்மா ஸ்காட்லாந்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். எண்பது வயது. பக்கவாதம் வந்தபின் பேச்சு குறைந்துவிட்டது. பகலில் அவருக்குத் துணையாக இருப்பது என் வேலை. நான் எட்டாவது படித்தவள். என் ஆங்கிலம் சாப்பாடு, மாத்திரை, குளியல், அவ்வளவுதான்.

எதைக் கேட்டாலும் அவர் "ஏப்ளின்ஸ்" என்பார். பெருமூச்சோடு சொல்வார். மதியத்தில் பழைய புத்தகம் ஒன்றை மடியில் வைத்து விரலை ஓட்டுவார். பென்சில் கோடு போட்ட இடத்தில் விரல் நிற்கும். அங்கேயும் அதே சொல். நம் வீடுகளில் பெரியவர்கள் முருகா முருகா என்பதில்லையா, அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். கை கழுவாமல் அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை.

அம்மா எப்போதும் என்ன சொல்கிறார் என்று மகள் போனில் கேட்டார். "காட் நேம். ஆல் டே" என்றேன். நல்லதாக நினைத்துத்தான் சொன்னேன். அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று பார்க்கத்தான் நர்ஸ் வந்தார். நர்ஸ் பேசும் ஆங்கிலம் எனக்குப் புரியாது என்று மாடித் தம்பியைக் கூப்பிட்டு வைத்திருந்தேன்.

நர்ஸ் கேட்டார். படியில் விழுந்துவிடுவீர்களா? ஏப்ளின்ஸ். அடுப்பை அணைக்க மறப்பீர்களா? ஏப்ளின்ஸ். தனியாக இருந்தால் பயமா? ஏப்ளின்ஸ்.

"அர்த்தமில்லாம பேசுறாங்கன்னு எழுதுறாங்கக்கா," என்றான் தம்பி மெதுவாக.

அம்மா மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

கை கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். "சாமி பேரைத்தான் சொல்றாங்கன்னு சொல்லு தம்பி. சாமி கும்பிட்டா பைத்தியமா?"

புரட்டிப் பார்த்தான். "இது சாமி புக் இல்லக்கா. பாட்டு புக்."

"சாமி பாட்டா இருக்கும்."

"காதல், குடி, வயக்காடு, எல்லாம் இருக்கு. இதுக்கா கை கழுவுனீங்க?"

கடைசிப் பக்கங்களில் சொற்களுக்குப் பொருள் போட்டிருந்தது. பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. "ஏப்ளின்ஸ்னா ஒருவேளைன்னு அர்த்தம்கா. ஸ்காட்லாந்துல பழைய காலத்துச் சொல்லாம்."

கோடு போட்ட பாட்டு ஒன்றையும் படித்துச் சொன்னான். கடலுக்குப் போனவன் வருவான் என்றும் பாடவில்லை, வரமாட்டான் என்றும் பாடவில்லை. அந்த இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள்.

மகளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. இங்கேயே பிறந்தவர். தம்பி நர்ஸிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினான். நர்ஸ் படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டார். படியில் விழுந்துவிடுவீர்களா?

"ஏப்ளின்ஸ்," என்றார் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, "யூ டூ."

நர்ஸ் எழுதியதை அடித்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

கடைசி வரை அந்த அம்மா அதே வீட்டில்தான் இருந்தார். புத்தகத்தை எனக்குத் தரச் சொல்லியிருந்தார். தெரியாத சொல்லுக்கு நானாக ஒரு பொருள் சொல்லி, ஒருவரை அவர் வீட்டை விட்டே கிளப்பப் பார்த்தேன். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் புத்தகத்தை எடுத்துப் பென்சில் கோடுகளை எண்ணுவேன். இருபத்துமூன்று.